மாதவராஜ் சாருங்களா?

புது வேகத்தடைக்கு இன்னும் வெள்ளைக்கோடு போட்டிருக்கவில்லை. மொரப்பூருக்குள் நுழைகிற வளைவில், நேற்றுவரை ஒன்றுமில்லாத இடத்தில், அது கருப்பாகப் படுத்துக் கிடந்ததை மலர்விழி பார்ப்பதற்குள் ஸ்கூட்டியின் முன்சக்கரம் ஏறி இறங்கிவிட்டது. அவள் விழவில்லை. தான் விழுந்து கேக் தப்பித்திருந்தாலும் தேவலை என்று பிறகு நினைத்துக்கொண்டாள். கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த அட்டைப்பெட்டிக்குள் ஏதோ மெத்தென்று சரிகிற சத்தம். வண்டியை ஓரங்கட்டி, ஒரு புங்கமரத்தடியில் வைத்துப் பெட்டியைத் திறந்தாள். மேலடுக்கு வழுக்கிக் கீழடுக்கின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் பகல் முழுக்க இடுப்பொடியச் செய்த சர்க்கரை மயில், கழுத்துவரை க்ரீமுக்குள் தலைகுப்புறப் புதைந்திருந்தது.

பைக்குள் எப்போதும் வைத்திருக்கிற தட்டைக் கத்தியையும் க்ரீம் பையையும் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் சரிந்ததை நிமிர்த்திப் பூசினாள். மயிலை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். கொண்டை உடைந்து கோழிபோல் இருந்ததால் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மண்டபத்தில் காதுகுத்துக்கு வந்த கூட்டம் நிறைந்திருந்தது. குழந்தையின் தாய்மாமன் பெட்டியைத் திறந்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வர்ற வழியில இதுமேல யாராச்சும் உக்காந்துட்டாங்களா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேசிய தொகையில் பாதியைத்தான் கொடுத்தார். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். அப்படி வாங்கிக்கொண்டதுதான் வீடு வந்து சேரும்வரை எரிந்துகொண்டே வந்தது.

இது முதல் தடவையுமல்ல. போன மாதம் அரூரில் ஒரு வாத்தியாரின் பணி நிறைவுக்குக் கொண்டுபோன கேக்கில், 'பணி நிறைவு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்ததில் 'பணி' மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. படிப்பை முடித்துவிட்டுச் சேலத்தில் கேக் செய்யக் கற்றுக்கொண்டு வந்து, கம்பைநல்லூர் ரோட்டில் இருக்கிற வீட்டு அடுப்படியிலேயே அவள் தொழிலைத் தொடங்கியிருந்தாள். கை நன்றாக வந்தது. ஆர்டரும் வந்தது. அடுப்படிக்கும் மண்டபத்துக்கும் நடுவிலிருந்த ரோடுதான் ஒவ்வொரு முறையும் அவளைத் தோற்கடித்தது. பஸ்ஸில் கொண்டுபோனால் கண்டக்டர் லக்கேஜ் என்கிறார். ஆட்டோவுக்குக் கொடுத்தால் கேக்கில் வருவது ஆட்டோவுக்கே போகிறது.

இத்தனைக்கும் வீட்டுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில், மூக்கை மட்டும் வெயிலுக்கு நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அது அப்பாவின் கார். பூச்சிமருந்து கம்பெனியில் விற்பனை வேலை பார்த்த மாதவராஜ், மூன்று வருடத்துக்கு முன்பு ஓசூருக்கு மாற்றலாகிப் போனவர், அங்கேயே வேறொரு பெண்ணுடன் தங்கிவிட்டார். போகும்போது பஸ்ஸில்தான் போனார். காரை ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அம்மா நிர்மலாதேவி பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலையில் இருந்தாள். புருஷன் போன பிறகு அழவுமில்லை, ஊரைக் கூட்டி நியாயம் கேட்கவுமில்லை. காரைத் திட்டவுமில்லை. தை மாசி வந்தால் அதன் முன்பக்க மூடியின்மேல் புளி காயவைத்தாள், அவ்வளவுதான். வெயிலில் தகடு நன்றாகச் சுடும், புளி சீக்கிரம் காயும் என்பாள். மூன்று வருடப் புளி அந்த வெள்ளைப் பெயிண்டில் பழுப்புப் பழுப்பாகத் தேமல் படர்த்தியிருந்தது.

கோழி மயிலோடு திரும்பிவந்த அன்று மலர்விழி கொட்டகைக்குப் போய்ப் புளியை ஒதுக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்து பார்த்தாள். பின் சீட்டைச் சாய்த்தால் மூன்றடுக்குக் கேக் ஆடாமல் அசையாமல் உட்காரும். ஏசி போட்டால் க்ரீம் உருகாது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தாள். ஓட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் இருந்தது. மெக்கானிக் குருவை வரச்சொல்லி பேட்டரியும் டயரும் மாற்றினாள். வண்டி உறுமிப் புகை விட்டுக் கிளம்பியபோது, அம்மா சொசைட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நின்று பார்த்தாள்.

"இன்சூரன்சு இருக்குதா பாத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கேதான் ஆரம்பித்தது.

மலர்விழி போனில் ஒரு இணையதளத்தைத் திறந்து வண்டி எண்ணையும் தன் செல் நம்பரையும் போட்டாள். அதைச் செய்திருக்கவே கூடாது என்பது அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முதல் அழைப்பு வந்தது. "வணக்கம், மாதவராஜ் சாருங்களா?" என்றது ஒரு குரல். இல்லை, அவர் மகள் என்றாள். சார் எப்போது வருவார் என்று கேட்டது. அவள் போனை வைத்தாள். அன்று மாலைக்குள் பல குரல்கள் மாதவராஜைக் கேட்டுவிட்டன. முட்டையும் சர்க்கரையும் அடித்துக்கொண்டிருக்கும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதெல்லாம். சில குரல்கள் தமிழில், சில இந்தியில், ஒன்று 'டியர் மாதவராஜ்' என்று கொஞ்சுகிற ஆங்கிலத்தில். ஒரு தடவை அவள் கை மாவாக இருந்ததால் அம்மா போனை எடுத்தாள். காதில் வைத்துக் கேட்டாள். "அவுரு வூட்ல இல்லீங்க" என்று நிதானமாகச் சொல்லி வைத்துவிட்டு, அரிசி களைகிற வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மலர்விழிக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடிக்க வேண்டும்போல் இருந்தது.

இணையத்தில் படித்ததும் அவளைப் பயமுறுத்தியது. வயது குறைந்தவர்கள் ஓட்டினால் இரண்டு மடங்கு கேட்பார்கள் என்றது ஒன்று. வண்டியில் ஒரு கருவியைப் பொருத்தி எப்படி ஓட்டுகிறாய் என்று பார்ப்பார்கள் என்றது இன்னொன்று. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு தொகையைக் காட்டியது. காலையில் காட்டியது மாலையில் இல்லை. கடைசியில் யாரோ சொல்லி, அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த ஏஜெண்ட் கிருஷ்ணப்பனைப் போய்ப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். மேஜைமேல் சாமி படம், கால்குலேட்டர், பாதி தின்ற பன்.

"சார், எனக்கு வயசு கம்மி. லைசென்சும் புதுசு. அதுக்காக ஜாஸ்தி கேப்பாங்களா?"

"அதெல்லாம் வெளிநாட்டுல ம்மா. இங்க ஓட்டறவங்க வயச யாரு பாக்கறாங்க? வண்டி வயசுதான்." அவர் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தார். "பரவால்லியே. ரெண்டரை மாசம் முன்ன வரைக்கும் பாலிசி இருந்திருக்குது."

மலர்விழிக்குப் புரியவில்லை. வண்டி மூன்று வருடமாகக் கொட்டகையை விட்டு நகரவில்லை.

"அதான் ம்மா. அப்பா வருசா வருசம் கட்டிட்டு வந்திருக்காரு. இந்த வருசம் விட்டுட்டாரு. ஒருக்காகூட கிளெய்ம் பண்ணல. அதனால அவருக்குப் பாதிக்குப் பாதி தள்ளுபடி இருக்குது. நோ கிளெய்ம் போனசுன்னு சொல்லுவாங்க. ஆனா பாலிசி முடிஞ்சு தொண்ணூறு நாளுக்குள்ள போட்டுறணும். தாண்டிட்டா அந்தத் தள்ளுபடி போயிரும்."

"என் பேருக்கு வண்டிய மாத்திட்டா?"

"மாத்தலாம். அப்பா வந்து கையெழுத்துப் போடணும், ஆர்டிஓ ஆபீசு போகணும். ஆனா தள்ளுபடி அவரோடது ம்மா. வண்டியோடதில்ல. உங்க பேருக்கு வந்தா முழு ரேட்டு. அப்பா பேர்லயே இருக்கட்டும், யாரு ஓட்டினா என்ன, லைசென்சு இருந்தாப் போதும். அவரு போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதச் சொல்லச் சொல்லுங்க. வேல முடிஞ்சுது."

அவர் இன்னொரு வழியும் சொன்னார். அடுத்தவருக்கு அடிபட்டால் மட்டும் கொடுக்கிற பாலிசி. ரொம்ப மலிவு. ஆனால் சொந்த வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் கைக்காசு. டிரைவிங் ஸ்கூலில் தார் டிரம்மைப் பின்னால் போய் இடித்ததை மலர்விழி நினைத்துப் பார்த்தாள். தான் இடிக்காமல் இருக்கப் போவதில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த வழி வேண்டாம் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது மனசு ஒரு நிலையில் இல்லை. வருடா வருடம் கட்டியிருக்கிறார். தீபாவளிக்கு ஒரு போன் இல்லை, அவள் பட்டம் வாங்கினபோது வரவில்லை, ஆனால் புளி காய்கிற ஒரு வண்டிக்கு ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார். அதையும் ஒழுங்காகச் செய்தாரா? அவளுக்குத் தேவைப்படுகிற வருடம் பார்த்து நிறுத்திவிட்டார். அன்பு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாமல், இல்லை என்று தள்ளவும் முடியாமல் எதையாவது பாதியில் விட்டுவிட்டுப் போவதுதான் அந்த மனுஷனின் வழக்கம். கேழ்வரகுக் கதிர் முற்றி நின்ற காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் பதியவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நோ கிளெய்ம் போனஸ் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள்.

"எத்தனை வருசமானாலும் கம்பெனிகிட்ட எதையுங் கேக்காம இருக்கணும். அப்படி இருந்தா அதுக்குத் தள்ளுபடி குடுப்பாங்க."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நானுந்தான் அந்த மனுஷங்கிட்ட எதையுங் கேக்கல. எனக்கு எவன் குடுத்தான்?"

மலர்விழிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மா சிரிக்கவில்லை.

"உம் பேர்லயே போட்டுக்க" என்றாள் அம்மா. "எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். அந்த ஆளுகிட்ட ஒரு நம்பரு கேட்டு நிக்கணும்னு நமக்குத் தலையெழுத்தா?"

"எம் பேருக்கு மாத்தணும்னாலும் அவருதாம்மா வந்து கையெழுத்துப் போடணும்! ஏன் புரிய மாட்டேங்குது உனக்கு? எந்தப் பக்கம் போனாலும் அவருதான் நிக்கறாரு!"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "அப்ப கேளு. எங்கிட்ட சொல்லாத" என்றாள்.

அதற்கு இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு தொண்ணூறு நாள் முடிந்தது. பாலிசி விட்டுப்போன வண்டி என்பதால் நேரில் பார்த்து வீடியோ எடுக்க வேண்டும் என்று கிருஷ்ணப்பனே மடிக்கணினியோடு பைக்கில் வந்து இறங்கினார். கொட்டகையிலிருந்து காரை வெளியே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குள் போன் பேசலாம், இணையம் எடுக்காது. ரோட்டோரம் வந்தால்தான் கிடைக்கும். காரைச் சுற்றி வந்து போனில் படம் பிடித்தவர் முன்பக்கம் வந்ததும் நின்றார்.

"என்னங்க இது இப்படிக் கறை?"

"புளிங்க சார்."

"புளியா?" அவர் விரலால் சுரண்டிப் பார்த்தார். "கம்பெனிக்காரன் எங்கயோ கொண்டுபோய் மோதிட்டு மறைக்கறாங்கன்னுதான் நெனப்பான். தொடைங்க, தொடைங்க."

மலர்விழி வாளியும் துணியுமாகத் தேய்த்தாள். தேமல் பாதிதான் போனது. காரின் மூடி இனிமேல் கிடைக்காது என்பதால் அம்மா சற்றுத் தள்ளி வாசலில் சாக்கை விரித்துப் புளியைப் பரப்பி, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். டொக் டொக்கென்று அந்தச் சத்தம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கிருஷ்ணப்பன் கணினியைக் காரின் மூடிமேல் வைத்துக்கொண்டார். "இப்ப அப்பாவுக்குப் போன் போடுங்க ம்மா. ஸ்பீக்கர்ல போடுங்க."

நம்பர் அவளிடம் இருந்தது. சேமித்து வைத்திருந்தாள், கூப்பிட்டதில்லை. மணி அடித்த வேகத்தில் எடுக்கப்பட்டது.

"பாப்பா? என்ன பாப்பா, ஒடம்பு கிடம்பு யாருக்காச்சும்..."

டொக் டொக் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கார் இன்சூரன்சு. ஏஜெண்ட் பேசுவாரு" என்றாள் மலர்விழி. தன் குரல் இவ்வளவு வறண்டு இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ஓ, அதா. கட்டணும்னுதான் இருந்தேன் பாப்பா. கொஞ்சம் கை கடிச்சுது, அப்பறம் அப்படியே... நீயா ஓட்டப் போற? ஓட்டத் தெரியுமா உனக்கு? கிளட்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அத மெதுவா..."

"ஓடிபி வரும், அதச் சொல்லுங்க."

வந்தது. அவர் படித்தார். தவறு என்றது கணினி. மறுபடி படித்தார். அது பேங்கிலிருந்து காலையில் வந்த வேறொரு எண் என்று தெரிந்தது. கண்ணாடியைக் காணோம் என்று சொல்லி எங்கோ எழுந்து நடந்தார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கிருஷ்ணப்பன் இன்னொன்று அனுப்பினார். அதில் அவர் ஒரு இலக்கத்தை விழுங்கிவிட்டார். "இன்னும் ஒருக்கா தப்பாயிட்டா நாளைக்குத்தாங்க தொறக்கும்" என்றார் கிருஷ்ணப்பன், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. மலர்விழி பல்லைக் கடித்தாள். ஆறு எண். ஒரு மனுஷனால் தன் மகளுக்காக ஆறு எண்ணைச் சேர்ந்தாற்போலச் சொல்ல முடியவில்லை.

அப்போது அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. "கொடுங்க இங்க. நான் பாக்கறேன்." போன் கை மாறுகிற சத்தம். "ம்மா, எழுதிக்கறீங்களா? மூணு. ஒண்ணு. ஏளு. ஏளு. எட்டு. அஞ்சு." ஓசூர்ப் பக்கத்துக் கன்னடம் கலந்த பேச்சு. அவசரமில்லாத, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூச்சு இடம் விடுகிற குரல். "சரியா இருக்குதா ம்மா?"

மூன்று வருடமாக மலர்விழி அந்தப் பெண்ணுக்கு மனதில் ஒரு குரல் கொடுத்து வைத்திருந்தாள். கீச்சென்று, மினுக்கிக்கொண்டு வருகிற குரல். இது அப்படி இல்லை. தபாலாபீசில் ஸ்டாம்ப் கிழித்துக் கொடுக்கிறவர்களின் குரல்போல இருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த 'ங்க' தானாக வந்துவிட்டது. வாசல் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"விழுந்துருச்சு" என்றார் கிருஷ்ணப்பன் மகிழ்ச்சியாக. அவருக்கு வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. தெரிந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்கு வீடு போய்ச் சேருவதில்தான் அவர் கவனம் இருந்தது. "சார், வண்டி ஓனருக்கு ஏதாச்சும் ஆனா குடுக்கற பணத்துக்கு நாமினி கேக்குது. பழைய பாலிசில மனைவி நிர்மலாதேவின்னு இருக்குது. அப்படியே விட்டுறலாங்களா?"

போனில் அந்தப் பக்கம் ஒரு எவர்சில்வர் பாத்திரம் எதன்மேலோ வைக்கப்பட்டது. இங்கே சுத்தியல் நின்றிருந்தது.

"இருக்கட்டுங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார் மாதவராஜ்.

மலர்விழிக்குச் சுள்ளென்று ஏறியது. செத்தால் வருகிற பணத்துக்கு மட்டும் அம்மா பெண்டாட்டி. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! கையைவிட்டு ஒன்றும் போகாத இடத்தில் எப்போதுமே அவர் தாராளம்தான். "எம் பேரப் போடுங்க சார்" என்றாள். "மகள் மலர்விழி. போடுங்க." யாரும் மறுக்கவில்லை. கிருஷ்ணப்பன் அடித்தார்.

"கடைசியா ஆதார் சரிபார்ப்பு. புதுக் கம்பெனிக்கு மாத்தறதால கேக்குது. ஆதாருக்கு ஒரு ஓடிபி போட்டிருக்கேன் சார். பாத்துச் சொல்லுங்க."

"வரலீங்களே."

"வந்திருக்கும், பாருங்க."

"இல்லீங்க, இது..." அவர் குரல் இறங்கியது. "ஆதார்ல இந்த நம்பரு இல்லீங்க. பழைய நம்பருதான் குடுத்திருந்தேன். அது வூட்டு நம்பரு."

வாசலில் சாக்கின் ஓரத்தில் கிடந்த அம்மாவின் போன் ஏற்கனவே ஒரு முறை கிணுக்கென்று ஒலித்து அடங்கியிருந்தது. இப்போதுதான் எல்லோருக்கும் அது காதில் விழுந்ததுபோல இருந்தது.

கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்த்தார். "அம்மாகிட்ட இருக்குதுங்களா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. நேரம் ஓடுது."

அம்மா போனைத் தொடவில்லை. "வந்துட்டேதான் இருக்கும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "எது எதுக்கோ வரும். நான் தொறக்கறதில்ல."

மலர்விழிக்குச் சலிப்பு தலைக்கு மேல் போய்விட்டது. இந்த நம்பரை மாற்றாமல் விட்ட அப்பாமேல், வந்ததைத் திறக்காமலும் அழிக்காமலும் வைத்திருக்கிற அம்மாமேல், இவர்கள் இரண்டு பேரையும் ஒரு வண்டிக்காகக் கட்டி இழுத்துக்கொண்டு நிற்கிற தன்மேல். ஒரு கேக்கை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதானே அவள் கேட்டது? "விடுங்க சார்" என்றாள். "வேணாம். மூடுங்க அத. நான் ஸ்கூட்டிலயே போய்க்கறேன். ஆர்டர் இல்லாட்டியும் போகுது."

கணினியை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கிருஷ்ணப்பன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். போனில் மாதவராஜ், "பாப்பா, பாப்பா" என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

அம்மா எழுந்தாள். விரலெல்லாம் புளி. போனை எடுத்துத் திறக்கப் பார்த்தாள். பிசுக்குக் கைக்குத் திரை அசையவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, காரின் மூடிமேல் கிடந்த மகளின் போனுக்கு முன்னால் நின்றாள். கிருஷ்ணப்பனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் குரல் அந்தப் போனுக்குள் போகிற அளவுக்கு உரக்க இருந்தது.

"ஒம்போது. ரெண்டு. ரெண்டு. ஆறு. சைபர். நாலு."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் குரலை அவர் கேட்டது அப்படித்தான்.

"நிர்மலா..." என்றது போன்.

"இன்னொருக்கா சொல்லணுங்களா?" என்று அம்மா கிருஷ்ணப்பனைக் கேட்டாள்.

"வேணாங்கம்மா. விழுந்துருச்சு, விழுந்துருச்சு."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "அந்த நம்பர மாத்திக்கச் சொல்லு" என்றாள். திரும்பிப் போய்ச் சாக்கில் உட்கார்ந்து சுத்தியலை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு தட்டத் தொடங்கினாள்.

கிருஷ்ணப்பன் பாலிசியை அனுப்பிவிட்டு, "அடுத்த வருசமும் இதே மாதிரி ஒரு போன் போட்டீங்கன்னா அஞ்சே நிமிசந்தான் ம்மா" என்று சொல்லிக்கொண்டே பைக்கை உதைத்தார். மலர்விழி அவரை முறைத்த முறைப்பில் அவர் தலைக்கவசத்தை அவசரமாக மாட்டிக்கொண்டார். போன் எப்போது துண்டிக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன் திரை அணைந்திருந்தது. எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை அரூரில் ஒரு வளைகாப்பு. மூன்றடுக்குக் கேக். பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு மலர்விழி வண்டியைக் கிளப்பப் போனபோது அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். சொசைட்டிக்கு லீவு சொல்லிவிட்டாளாம். முன்பக்கக் கதவை மலர்விழி திறந்துவிட்டாள். அம்மா அதைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறி, சாய்க்காமல் விட்டிருந்த பாதி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து, பெட்டியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "ஓட்டு" என்றாள்.

மொரப்பூர் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். இரண்டு டிரெய்லர் நிறைய ஏற்றிக்கொண்டு ரோட்டை அடைத்து ஆடி ஆடிப் போனது. அதை முந்துவதற்கு மலர்விழிக்குத் துணிவு வரவில்லை. பின்னால் சேலம் பஸ், அதன் பின்னால் ஒரு மினி லாரி, அதன் பின்னால் பைக்குகள். எல்லோரும் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். பஸ்காரன் பக்கத்தில் வந்து எதையோ கையாட்டித் திட்டிவிட்டு முந்திக்கொண்டு போனான். கிளட்ச் இறுக்கமாகத்தான் இருந்தது.

"போறவன் போகட்டும்" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "நீ உம்பாட்டுக்கு மெதுவாப் போ."

ஓரமாக ஒதுங்கலாம் என்று மலர்விழி இண்டிகேட்டர் என்று நினைத்து ஒரு குச்சியைத் தட்டினாள். கண்ணாடியில் வைப்பர் எழுந்து ஆடத் தொடங்கியது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. எதை அழுத்தினால் அது நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. குச்சியை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், அது இன்னும் வேகமாக ஆடியது. கரும்புத் தோகை ஒன்று பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டி, வைப்பரோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சிடுகிற சத்தத்தோடு வெள்ளைக் கார் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தது. லாரி, பைக்குகள், இன்னொரு பஸ் எல்லாம் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.